தோளைப் பிடித்து எடுத்த அளவு

என் சகலையைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். எனக்கு அவன்மேல் இருக்கிற முதல் குறையே அதுதான்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். வயதில் எனக்குச் சின்னவன். ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறான். மாமனார் வீட்டில் குழாய் ஒழுகினால் அவனைக் கூப்பிடுவார்கள். கதவு இழுத்துப் பிடித்தால் அவனைக் கூப்பிடுவார்கள். மாமியாருக்கு முழங்கால் வலித்தால்கூட டாக்டரை விட்டுவிட்டு அவனைத்தான் கூப்பிடுவார்கள். நான் போனால், "வாங்க, உட்காருங்க" என்று நல்ல நாற்காலியைக் காட்டுவார்கள். அவன் போனால் யாரும் உட்காரச் சொல்வதில்லை. மொத்த வீடும் எழுந்து அவன் பின்னாலேயே போகும். நல்ல நாற்காலியில் நான் மட்டும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

போகட்டும் என்று இருந்தேன். மாமனார் வீட்டோடு நிற்கிறவரைக்கும் சமாளிக்கலாம். அவன் என் பட்டறைக்குள் வந்ததுதான் வினை.

நான் ஷூ செய்கிறவன். கண்ணாடி அலமாரியில் அடுக்கி விற்கிற ஷூ இல்லை. பாதம் வளைந்தவர்கள், விரல் மடங்கியவர்கள், ஒரு கால் ஓர் அளவும் மறுகால் வேறோர் அளவுமாக இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் அளவெடுத்துச் செய்து தருவது என் தொழில். முன்னறையில் ஜன்னலோரம் தையல் மிஷின். அதில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைத் தைப்பவள் என் மனைவி. பின்னறையில் பெஞ்சு, மரத்தில் செய்த பாத அச்சுகள், பசை டப்பாக்கள், அவற்றுக்கு நடுவில் நான். நடுக்கதவு எப்போதும் திறந்தேதான் இருக்கும். அவள் மிஷின் நின்றால் எனக்குத் தெரியும். என் சுத்தியல் நின்றால் அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. பிறவியிலேயே அப்படி. இடது ஷூவின் அடியில் ரப்பர் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி உயரம் கட்டி, ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாக்கி, பார்க்கிறவர் கண்ணில் சட்டென்று படாதபடி செய்ய வேண்டும். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு ஷூ செய்பவன் நான்தான். முதலில் வாடிக்கையாளராகத்தான் வந்தாள். முதல் ஜோடியை வாங்கிப் போனவள் கொஞ்ச நாளில் திரும்பி வந்தாள். பார்த்துச் செய்து கொடுத்தேன். மறுபடியும் வந்தாள். வேலை பிடித்துப்போய் வந்தவளுக்கு அப்புறம் ஆளையும் பிடித்துப்போயிற்று. இதை நான் சொல்லாத ஆள் பாக்கி கிடையாது. சொல்லும்போதெல்லாம் அவள் தைத்துக்கொண்டே சிரிப்பாள். மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உயரம் கட்டிய ஷூ போட்டாலும் அவள் நடையில் ஒரு சாய்வு இருக்கும். அவள் நடையே அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். தெருவில் இறங்கினால் என் கையைப் பிடித்துக்கொள்வாள். அதுவும் பழகிவிட்டது. பெண்டாட்டிக்கு எதை எதையோ வாங்கிக் கொடுத்துவிட்டு மீசையை முறுக்குகிற கணவன்மார் உண்டு. அவள் தரையில் வைக்கிற ஒவ்வோர் அடியும் என் கைவேலை என்று சொல்லிக்கொள்ள என்னைத் தவிர யாரால் முடியும்? எனக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். அதில் பங்கு கேட்டு அதுவரை யாரும் வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சகலையின் கார் வாசலில் வந்து நின்றது. டிக்கியைத் திறந்தான். உள்ளே சாக்கில் சுற்றிய கனமான சாமான் ஒன்று.

"அண்ணே, ஒரு கை பிடிங்க. தனியா தூக்கினா முதுகு போயிடும்."

"என்ன இது?"

"தேய்க்கிற மிஷின். எங்க பட்டறைக்குப் புதுசு வந்துடுச்சு, இதை ஓரங்கட்டிட்டாங்க. மேலதிகாரிகிட்ட கேட்டேன். எடுத்துட்டுப் போன்னுட்டாரு. நீங்க பாட்டில்ல உப்புத்தாளைச் சுத்தி வெச்சுக்கிட்டு நாள் பூரா தேய்க்கிறீங்களே, பார்க்கவே பாவமா இருந்துச்சு."

பாவமாம். அந்தப் பாட்டிலையும் உப்புத்தாளையும் வைத்துக்கொண்டுதான் நான் ஊரில் பாதிப் பேரை நடக்க வைத்திருக்கிறேன். நீ யாரடா எனக்குப் பாவம் பார்க்க என்று வாய்வரை வந்தது. ஆனால் சாமானின் மறுபக்கம் அவன் கையில் இருந்தது. அவன் விட்டால் என் காலில்தான் விழும். வாயை மூடிக்கொண்டு தூக்கினேன்.

முன்னறையைத் தாண்டும்போது அவன் தையல் மிஷின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"அண்ணி, இடுப்பு வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்ல தம்பி. படுத்தாத்தான் கொஞ்சம் படுத்துது."

நான் நடுவழியில் நின்றுவிட்டேன். இடுப்பு வலியா? யாருக்கு? எப்போதிருந்து? ஒரே கூரையின் கீழ், ஒரே கட்டிலில் கிடக்கிற எனக்குத் தெரியாத வலி, ஊரின் மறுகோடியில் இருக்கிற இவனுக்கு எப்படித் தெரியும்?

"அண்ணே, நகருங்க. கை கழண்டுடும்போல இருக்கு."

சாமானைப் பெஞ்சில் இறக்கிய கையோடு முன்னறைக்கு வந்தேன்.

"உனக்கு இடுப்பு வலியா?"

"ஆமா."

"என்கிட்ட சொல்லவே இல்ல?"

"தங்கச்சிகிட்ட போன்ல சொன்னேன். அவ அவர்கிட்ட சொல்லியிருப்பா." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே பேசினாள். "உங்ககிட்ட சொன்னா ஷூதான் காரணமோன்னு நினைச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்குவீங்க."

"ஷூதான் காரணமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

சொல்லவில்லைதான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. வலி அவளுடையது, ஷூ என்னுடையது, அதை விசாரிக்கிற உரிமை மட்டும் எப்படியோ அவன் கைக்குப் போய்விட்டது.

அவளுடைய பழைய ஜோடி தேய்ந்துபோய், புது ஜோடி பெஞ்சின் மேல் தயாராகிக்கொண்டிருந்தது. மேல்தோல் அவளே தைத்தது. இடது அடியில் நான் உயரம் கட்டி ஒட்டிக் காயவைத்திருந்தேன். ஓரம் தேய்ப்பதுதான் பாக்கி. இந்த ஜோடியில் அவள் வலி போக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். என் கையால் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்காரன் கையால் போகக் கூடாது.

சகலை அதற்குள் சாக்கை உருவிவிட்டான். பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு மோட்டார். இரண்டு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. வலது முனையில் என் தொடைப் பருமனுக்கு ஒரு ரப்பர் உருளை. இடது முனையில் அவ்வப்போது கழற்றி மாட்ட நாலைந்து துண்டுகள்: சின்ன உருளை, கூம்பு, காளான் தலை மாதிரி ஒன்று, ஒரு பிரஷ். ரப்பரின் மேல் உப்புத்தாளில் செய்த உறையை மாட்டிவிட்டால் மோட்டார் சுற்றச் சுற்ற அது தேய்க்கும். அவ்வளவுதான் விஷயம். அதை அவன் விளக்கிய அழகைப் பார்த்தால் ராக்கெட் விடப்போகிறானோ என்று இருந்தது.

நானும் சும்மா நிற்கக் கூடாதே என்று ஸ்பேனரை எடுத்து இடது முனையில் துருப்பிடித்திருந்த நட்டைக் கழற்றப் போனேன். அது அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். இன்னும் இறுகியது.

"அந்தப் பக்கம் மரை தலைகீழ் அண்ணே," என்றான். ஸ்பேனரை வாங்கி எதிர்ப்பக்கமாக ஒரு தட்டுத் தட்டினான். நட்டு சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாகக் கழன்று வந்தது. "சுத்தற வேகத்துல தானா கழண்டு வந்துடக் கூடாதுன்னு இடது முனைக்கு மட்டும் அப்படி வெச்சிருப்பாங்க."

முன்னறையில் தையல் மிஷின் நின்றிருந்தது. அவள் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இதையும் பார்த்திருப்பாள்.

பெஞ்சு ஆடக் கூடாது என்று காலுக்கு அடியில் ஆப்பு வைத்தான். மோட்டாரின் பாதங்களுக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்தான். ஓட்டை போட்டு, போல்ட் இறக்கி, வாஷர் போட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். மேலே ரசமட்டத்தை வைத்து நடுக்கோட்டில் குமிழி நிற்கிறதா என்று பார்த்தான். "கையை மடக்கி நில்லுங்க அண்ணே, உருளை உங்க முழங்கை உயரத்துக்கு இருக்கணும்," என்று என்னை நிற்கவைத்து அளந்தான். என் பெஞ்சு, என் முழங்கை. அவன்தான் அளக்கிறான்.

அடுத்து உறை மாட்டுகிற விதத்தைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து என் மனைவி டீ கொண்டுவந்தாள். இரண்டு கோப்பை. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பெரியதை அவனிடம் நீட்டினாள்.

அந்தப் பெரிய கோப்பை என்னுடையது. கைப்பிடியில் நான் பசை போட்டு ஒட்டிய தழும்புகூட இருக்கிறது. அவன் அதில் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே உறையின் உள்பக்கத்தைக் காட்டி என்னவோ சொன்னான். நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்ன சொன்னான் என்பது என் காதில் ஏறவில்லை. அவள் அவன் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்தது மட்டும் நன்றாக ஏறியது.

"புரிஞ்சுதா அண்ணே?"

"இதுல புரியறதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப சரி. தூசு பிடிக்கிற பையையும் கண்ணுக்கு மாட்டற கண்ணாடியையும் வீட்டிலேயே வெச்சுட்டு வந்துட்டேன். போய் எடுத்துட்டு, அப்படியே சாப்பிட்டுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் ஓட்ட வேண்டாம்." கிளம்பியவன் பெஞ்சின் மேலிருந்த ஷூவைப் பார்த்து நின்றான். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "அண்ணியோடதா? இதையே முதல்ல போட்டுடலாம். நானே தேய்ச்சுக் கொடுத்துடறேன். ஒரு நிமிஷ வேலை."

கார் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்கும்வரை பொறுத்திருந்தேன். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரு நிமிஷ வேலையாம். அவள் ஷூவின் ஓரத்தைத் தேய்க்க எனக்கு ஒரு பகல் பிடிக்கும். ஒவ்வொரு வளைவையும் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்துச் செய்வேன். அதை இவன் ஒரு நிமிஷத்தில் செய்து அவள் கையில் கொடுப்பான். அவள் அதற்கும் சிரிப்பாள். விடுவேனா?

ஸ்விட்சைப் போட்டேன். மோட்டார் ஒரு முனகலோடு எழுந்து சீராகச் சுற்றியது. வலதுபக்கப் பெரிய உருளையில் சகலையே உறை மாட்டி வைத்திருந்தான். ஷூவின் வெளி ஓரத்தை அதில் மெல்லக் காட்டினேன். நான் பொய் சொல்லப் போவதில்லை. ரப்பர் வெண்ணெயாக இழைந்தது. அவ்வளவு சுத்தமான ஓரம் என் கையில் அதுவரை வந்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இந்தச் சுகத்தை அவன் தினமும் அனுபவிக்கிறான், சம்பளம் வேறு வாங்குகிறான்.

உள்பக்கம் பாதம் வளைகிற இடத்துக்குப் பெரிய உருளை போகாது. மோட்டாரை நிறுத்திவிட்டு இடது முனையில் சின்ன உருளையை மாட்டினேன். தலைகீழ் மரை ஞாபகம் இருந்தது, சரியாகத் திருகினேன். உறையை எடுத்தேன். உள்பக்கத்தில் அம்புக்குறி ஒன்று இருந்தது. அவன் டீ குடித்துக்கொண்டே காட்டியது இதைத்தான் போலிருக்கிறது. யோசித்தேன். இந்தப் பக்கம் மரை தலைகீழ். அப்படியென்றால் அம்பும் தலைகீழாகத்தான் போக வேண்டும். நம்மை என்ன ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்தானா? அம்பைத் திருப்பி மாட்டி, நட்டை இறுக்கி, ஸ்விட்சைப் போட்டேன்.

உறையில் தாளின் இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருக்கும். அம்பு பார்த்து மாட்டினால் அந்த ஒட்டு வழுக்கிக்கொண்டு போகும். திருப்பி மாட்டினால் எதிர்த்து நிற்கும். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது நான் கண்டது, ஷூவை வைத்ததும் தாளின் வாய் பிளந்ததைத்தான். படபடவென்று ஒரு சத்தம். கிழிந்த தாள் ஷூவைக் கவ்வி இழுத்தது. ஷூ என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ப் பசை டப்பாவில் மோதி விழுந்தது.

மோட்டாரை நிறுத்தினேன். கதவு திறந்தது. அவள் முதலில் என் கைகளைப் பார்த்தாள், பத்து விரலும் இருக்கிறதா என்று. அப்புறம் குனிந்து ஷூவை எடுத்தாள். உயரம் கட்டிய அட்டையில் உருளையின் இரும்பு விளிம்பு ஆழமாகக் கடித்திருந்தது. அந்த உயரம் இனி எதற்கும் ஆகாது.

"சாப்பிட வாங்க," என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

சகலை திரும்பி வந்தவன் கிழிந்த உறையைப் பார்த்தான், ஷூவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை கிண்டல் செய்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்தப் பாவி அதைக்கூடச் செய்யவில்லை.

"நானும் முதல் தடவை இப்படித்தான் மாட்டினேன் அண்ணே," என்றான். அது பொய் என்று எனக்குத் தெரியும். "கட்டின உயரத்தைப் பிரிச்சுட்டுப் புதுசா ஒட்டிடலாம். எப்படியும் பிரிக்கலாமான்னு கேக்கணும்னுதான் இருந்தேன்."

"எதுக்குப் பிரிக்கணும்?"

"அளவை ஒரு தடவை பார்த்துக்கலாமேன்னுதான். இடுப்பு வலின்னு யாராவது வந்தா நாங்க முதல்ல அளவைத்தான் பார்ப்போம்."

"அளவு எனக்குத் தெரியும். எத்தனை ஜோடி செஞ்சிருக்கேன்."

"தெரியும் அண்ணே. சும்மா, என் திருப்திக்கு."

என் மனைவி வந்து நின்றாள். வழக்கம்போலச் செய்து காட்டினேன். அவளுடைய இடதுபக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கால் குட்டையானவர்கள் வெறுங்காலோடு நின்றால் தடுமாறுவார்கள் என்பதால் என்னிடம் வருகிறவர்களில் நாற்காலியைப் பிடிப்பவர் உண்டு, சுவரைப் பிடிப்பவர் உண்டு. அவளுக்கு மட்டும் முதல் நாளிலிருந்து என் தோள். மெல்லிய பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக அவள் பாதத்தின் அடியில் செருகினேன். பழைய அளவு வந்ததும், "போதும்," என்றாள்.

"பார்த்தியா? அதே அளவு," என்றேன் சகலையிடம்.

"அண்ணி, கையை எடுத்துடுங்க."

"எதுக்கு எடுக்கணும்?" என்று கேட்டது அவள் இல்லை, நான்.

"பிடிச்சுக்கிட்டு நின்னா உடம்பு அந்தப் பக்கம் சாயும் அண்ணே. நீங்க வேற கீழ உட்கார்ந்திருக்கீங்க. கைக்கு எட்டறதுக்காக இன்னும் சாய்வாங்க. சாய்ஞ்ச அளவுதான் நமக்கு வரும்."

என் பெண்டாட்டியின் கையை என் தோளிலிருந்து எடுக்கச் சொல்ல இவன் யார்? எழுந்து அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாமா என்றுதான் தோன்றியது. அதற்குள் தோள் லேசாகிவிட்டது. அவள் கையை எடுத்துவிட்டாள். கேட்ட மாத்திரத்தில் எடுத்துவிட்டாள்.

தடுமாறுவாள் என்று காத்திருந்தேன். தடுமாறவில்லை. கைகளைத் தொங்கவிட்டு, எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி நின்றாள்.

"இனி ரெண்டு பக்கத்து இடுப்பெலும்பும் ஒரே மட்டத்துல இருக்கான்னு பின்னால நின்னு கை வெச்சுப் பார்க்கணும்," என்று சகலை ஓர் அடி முன்னால் வைத்தான்.

நான் எழுந்த வேகத்தில் என் கையில் மீதியிருந்த பலகைத் துண்டுகள் சிதறின. "நான் வெக்கிறேன்."

"நீங்கதான் வெக்கணும்," என்று உடனே பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான். அந்த மரியாதையும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த இடுப்பில் எத்தனையோ தடவை கை வைத்தவன்தான் நான். மட்டம் பார்க்க வைத்ததில்லை. அவன் சொன்னபடி இரண்டு எலும்பின் மேலும் கைகளைப் படுக்க வைத்துக் குனிந்து பார்த்தேன். என் இடது கை கீழே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கீழேதான் இருந்தது. சகலை கீழே உட்கார்ந்து ஒரு துண்டைச் செருகினான். கை கொஞ்சம் ஏறியது. இன்னொன்று செருகினான். இன்னும் ஏறியது. மூன்றாவதைச் செருகியதும் இரண்டு கையும் ஒரே கோட்டில் வந்து நின்றன.

"ம்," என்றாள் அவள். ரொம்ப நேரம் சுமந்த பையைக் கீழே வைத்தவள் விடுகிற மூச்சு அது. "இப்ப சரியா இருக்கு."

என் அளவுக்கும் அந்த அளவுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் பருமன் இருந்தது. நான் அந்த மூன்று துண்டுகளையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவற்றை ஒளித்து வைக்க என் பட்டறையில் ஓர் இடம் கிடைத்திருந்தால் வைத்திருப்பேன்.

பழைய அட்டையைப் பிரித்தேன். புதிய அட்டைகளை வெட்டி, பசை தடவி, ஒட்டி, இடுக்கியில் இறுக்கி வைத்தேன். காய்கிற நேரத்தில் சகலை தூசுப் பையை மாட்டினான். இடது முனையில் புது உறையை அம்பு பார்த்து மாட்டினான். மாட்டும்போது அம்பை என் பக்கம் திருப்பி ஒரு கணம் காட்டினான். சாயங்காலம் இடுக்கியைக் கழற்றியதும் கண்ணாடியை என்னிடம் நீட்டினான்.

"நீங்க தேய்ங்க அண்ணே. நான் ஸ்விட்சுகிட்ட நிக்கிறேன்."

"நீயே தேய்க்கிறேன்னியே?"

"அண்ணி ஷூவாச்சே," என்றான். ஸ்விட்சைப் போட்டான்.

மோட்டார் சுற்றியது. ஷூவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கணத்தில் ஒன்று புரிந்தது. காலையிலிருந்து நான் சகலையைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது வீண். இதோ என் கையில் இருக்கிற இந்த ரப்பர் அட்டையைப் பார்த்துத்தான் நான் எரிய வேண்டியிருந்தது. என் தோளும் என் கையும் செய்துவந்த வேலையை இனி இது செய்யப்போகிறது. ராத்திரியும் பகலும் அவளோடு இருந்த எனக்கு, சுண்டுவிரல் பருமனில் ஒரு போட்டி.

பெரிய உருளையில் அடிப்பாகத்தை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் போதும். சுண்டுவிரல் பருமன் தூசாகிப் பைக்குள் போய்விடும். கை தவறிவிட்டது என்று சொல்லலாம். காலையில் ஒரு தடவை தவறிய கைதானே, நம்புவார்கள். அடியை உருளைக்கு அருகில் கொண்டுபோனேன். சுற்றுகிற காற்று விரல்களில் பட்டது.

படுத்தால் படுத்துகிறது என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாக அவள் படுக்கையில் புரண்டு புரண்டு படுப்பாள். போர்வையை இழுக்காதே என்று நான் அவளிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். அவளும் சரி என்று போர்வையை விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

ஷூவைத் திருப்பினேன். ஓரத்தை மட்டும் காட்டினேன். வெளி ஓரத்துக்குப் பெரிய உருளை, உள்வளைவுக்குச் சின்னது, குதிகால் திரும்புகிற இடத்துக்குக் கூம்பு. ஒவ்வொன்றையும் நானே கழற்றி நானே மாட்டினேன். அடியில் தூசு தட்டியதோடு சரி. சகலை ஸ்விட்சில் கை வைத்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிஷ வேலை என்று அவன் சொன்னதை நான் பொய்யாக்கினேன். நன்றாக இருட்டும்வரை தேய்த்தேன்.

அவள் ஷூவைப் போட்டுக்கொண்டு பின்னறையிலிருந்து முன்னறைக்கு நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். அந்தச் சாய்வு இல்லை. என் பெண்டாட்டியின் நடை என்று நான் நினைத்திருந்தது அவள் நடையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

சகலை கிளம்பினான். "எங்க பட்டறையிலகூட ஓரம் இவ்வளவு சுத்தமா வராது அண்ணே," என்றான். உண்மையாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். அதுவும் எனக்குக் கடுப்பாகத்தான் இருந்தது. அவனை வழியனுப்ப நாங்கள் இருவரும் தெருவுக்கு வந்தோம். கார் போன பிறகு அவள், "முனை வரைக்கும் நடந்துட்டு வரலாமா?" என்றாள்.

நடந்தோம். பழக்கதோஷத்தில் என் கை அவள் பக்கம் கொஞ்சம் மடங்கியே இருந்தது. அவள் பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு நடந்தாள். விளக்குக் கம்பம் வரை பொறுத்துப் பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"அளவு குறைவா இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"முதல் ஜோடியிலேர்ந்து. குட்டையா இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் திரும்பி வந்தேன். நீங்க மறுபடி அளவெடுத்தீங்க. தோளைப் பிடிச்சுக்கோங்கன்னு மறுபடி சொன்னீங்க. மறுபடி குட்டையாவே வந்துச்சு. எதனாலன்னு அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சரி பண்ணிக் கொடுத்திருப்பீங்க. அப்புறம் நான் என்ன சாக்குச் சொல்லிக் கடைக்கு வர்றது?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஊரெல்லாம் எங்கள் கதையைச் சொல்லும்போது தைத்துக்கொண்டே சிரிப்பாளே, அதே சிரிப்பு.

"அதுக்காக இத்தனை வருஷமா?"

"இடுப்பு இப்பத்தானே தகராறு பண்ணுது. அதுவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தது." கொஞ்சம் வேகத்தைக் கூட்டினாள். "வாங்க. இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்."

அவளுக்கு ஈடுகொடுக்க நான் எட்டி நடக்க வேண்டியிருந்தது. என் சகலை கெட்டிக்காரன். அதை இப்போது நானே சொல்கிறேன். அவள் அன்று என் கடைக்கு வராமல் அவனைப் போன்ற ஒருவனிடம் போயிருந்தால், முதல் தடவையே கையை எடுக்கச் சொல்லி, நேராக நிற்கவைத்து அளந்து, ஒரு குறையும் இல்லாத ஷூவைச் செய்து கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பான்.